குழந்தைகளோடு கூடாரம் போட இடம் பார்ப்பது

தமிழ்நாட்டு மலைகளில் குழந்தைகளோடு கூடாரத்தில் தங்க நினைக்கும் குடும்பத்துக்குப் பாதி முடிவைப் பள்ளிக்கூட நாட்காட்டியே எடுத்துவிடுகிறது. அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உறைபனிக் காலம். காலாண்டு விடுமுறை முடியும்போது வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒருபுறம் காய்ந்த புல், மறுபுறம் இடியோடு இறங்கும் கோடை மழை. முழுக்கச் சௌகரியமான விடுமுறை என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் தவிர்க்க வேண்டிய நிலம் வேறு, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குப் பொருந்தும் இடம் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம். அதனால் உடல் வெப்பம் விரைவாக வெளியேறும். விளையாட்டு மும்முரத்தில் குளிர்கிறது என்று சொல்லவும் மாட்டார்கள். இருட்டில் ஒன்றுக்குப் போக எழுப்புவார்கள். விடிந்ததும் பெரியவர்கள் கண் திறப்பதற்குள் வெளியே ஓடியிருப்பார்கள். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர், ஏற்காடு 1,500, கொடைக்கானல் 2,100, உதகை 2,240. கடலோரச் சமவெளியில் இருந்து உதகைக்குப் போகும் குடும்பம் ஒரே பகல் பயணத்தில் 14 டிகிரிக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் முதல் அனுபவத்துக்கு ஏலகிரி உயரமே போதும்.

ஆனால் இந்தக் கணக்கு பகலுக்குத்தான் ஒழுங்காகப் பொருந்தும். தெளிந்த, காற்றில்லாத இரவில் அது தலைகீழாகிவிடுகிறது. மேடு குளிரும், பள்ளம் கதகதப்பாக இருக்கும் என்றே யாருக்கும் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்களாக வெளியேற்றத் தொடங்குகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். மேகமில்லாத இரவில் திரும்பி வருவது குறைவு. தரை குளிர, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது, கனமானது. சரிவில் அது நிற்காது, கீழே வழியத் தொடங்கும். மேல் வயலில் திறந்துவிட்ட தண்ணீர் மடைமடையாக இறங்கிக் கடைசி வயலில் தேங்குவதைப் போலத்தான் இந்தக் குளிர்காற்றும் நகர்கிறது. வரப்பு குறுக்கிட்டால் அதற்கு மேல்புறத்தில் தங்கிவிடுகிறது. நடுச்சரிவில் இருந்து குளிர்காற்று வழிந்து போய்விடுவதால் அந்த இடத்தை மேலிருக்கும் ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான காற்று நிரப்பிக்கொள்கிறது. சில மீட்டர் உயர வேறுபாட்டிலேயே பல டிகிரி வித்தியாசம் வருவதுண்டு.

உதகையில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உறைபனிச் செய்தியோடு ஆண்டுதோறும் அடிபடும் பெயர்கள் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். ஊரின் தாழ்வான, திறந்த நிலப்பகுதிகள் இவை. தேயிலைத் தோட்டங்களிலும் முதலில் கருகுவது பள்ளத்துச் செடிகள்தான். நீலகிரிப் படுகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் சிறு குன்றுகளின் மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் இரவுக் குளிரைப் பொறுத்தவரை அது பள்ளத்தாக்கின் அடித்தளத்தைவிட நல்ல இடம். திறந்த புல்வெளியில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் பிழைக்காமல் போவதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

இதன் உச்சத்தைப் பார்க்க ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டும். அங்கே லுன்ஸ் என்னும் ஊருக்கு அருகே ஆல்ப்ஸ் மலையில் க்ரூன்லோக் என்ற கிண்ண வடிவப் பள்ளம் இருக்கிறது. 1930-களில் அதன் அடியில் மைனஸ் 52.6 டிகிரி வரை பதிவானது. அந்த மலையின் உச்சியில்கூட இல்லாத குளிர் இது. மலையில் ஏற ஏற மரம் குறைந்து புல் மிஞ்சும் என்பது பொது விதி. இங்கே பள்ளத்தின் விளிம்பில் உயர்ந்த மரங்கள், இறங்க இறங்கக் குட்டை மரங்கள், அடியில் வெறும் புல். மலை விதி கவிழ்ந்து கிடக்கிறது.

இவ்வளவு பெரிய பள்ளம்தான் வேண்டும் என்பதில்லை. லண்டனுக்கு வடமேற்கே ரிக்மன்ஸ்வர்த் என்னும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தாக்கின் குறுக்கே ரயில் பாதைக்காக மண்கரை எழுப்பினார்கள். வழிந்து போக வேண்டிய குளிர்காற்று அதற்குப் பின்னால் தேங்கத் தொடங்கியது. 1936 ஆகஸ்ட் 29 அன்று, கோடைக் காலத்திலேயே, அங்கே விடியற்காலையில் 1.1 டிகிரி, பிற்பகலில் 29.4 டிகிரி. மனிதன் கட்டிய ஒரு கரை போதும், ஊரின் இரவையே மாற்றிவிடும்.

கூடாரம் போடுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. ஏரியை ஒட்டிய தாழ்ந்த புல்தரை படத்துக்கு அழகு, இரவுக்கு மோசம். மலையுச்சியில் காற்று அறையும். நடுச்சரிவில் படிபோல் விரிந்த சமதரை நல்லது. கல்சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் கூடாரம் அதற்குக் கீழ்ப்புறம் இருக்க வேண்டும். மேல்புறம் குளிர் தேங்கும். சோதித்துப் பார்க்கக் கருவி தேவையில்லை. காற்று அடங்கிய அந்திப்பொழுதில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்பது தெரியும். இந்த வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். காய்ந்த புல் இல்லாத இடத்தில் செய்வதாக இருந்தால் மட்டும்.

மேலிருந்து வரும் குளிரைப் போலவே தரையிலிருந்தும் குளிர் ஏறும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் உடலுக்கு அடியில் அமுங்கிய துணி வெப்பத்தைத் தடுக்காது. மூடிய குமிழ்களால் ஆன ஃபோம் விரிப்பு இரண்டு அடுக்கு வேண்டும். வெறும் காற்று அடைத்த மெத்தைக்குள் காற்று சுழன்று தரைக்கு வெப்பத்தைக் கடத்திவிடுவதால் அது குளிர்ந்த இரவில் ஏமாற்றும். கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை மூடிவிடுவது பெற்றோர் பலரும் செய்யும் வேலை. மூச்சில் வெளியேறும் ஈரம் துணியில் படிந்து சொட்டும். நனைந்த குழந்தை இன்னும் நடுங்கும்.

குளிர் நோயைத் தரும். தண்ணீரோ உயிரையே எடுக்கும். ஸ்பெயினில் பிரனீஸ் மலையடிவாரத்து பியெஸ்காஸ் ஊரருகே ஒரு முகாம் இருந்தது. மரம், புல், பக்கத்தில் ஓடை என்று எல்லாம் பொருந்திய இடம். 1996 ஆகஸ்ட் 7 மாலை மலையில் பெய்த மழை அராஸ் ஓடை வழியே பாறையும் சேறுமாக இறங்கியது. 87 பேர் மாண்டார்கள். அந்த முகாம் நின்றது ஓடையின் வண்டல் விசிறி மீது. மலை இடுக்கிலிருந்து ஓடை வெளிப்படும் இடத்தில் அது கொண்டுவந்த கல்லும் மண்ணும் விசிறிபோல் பரவிக் கிடக்கும். மெல்லிய சரிவும் நல்ல வடிகாலுமாக, கூடாரத்துக்கென்றே செய்தது போல அது தோன்றும். ஆனால் அந்த மண் ஒருநாள் வெள்ளத்தில் வந்த மண், மறுபடியும் வரும். 2005-இல் ஸ்பெயின் நீதிமன்றம் அங்கே முகாமுக்கு இடம்கொடுத்த அரசு நிர்வாகங்களைப் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2025 ஜூலை 4 விடியுமுன் அமெரிக்காவின் டெக்சாஸில் குவாடலூப்பே ஆறு பெருகியபோது, கரையோரச் சிறுமியர் கோடை முகாம் ஒன்றில் மட்டும் 27 பேரை வெள்ளம் கொண்டுபோனது.

இங்கேயும் அதே கதைதான். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். தங்கும் இடத்தில் மழையே இல்லாமல் மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வரலாம் என்பது மலை ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; விடுமுறைக்கு வருபவர்களுக்குத் தெரிவதில்லை. ஓடை கலங்கிச் சிவப்பதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை திடீரென மாறுவதும் அறிகுறிகள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் எதுவும் உதவாது. எனவே கரையோரப் புதர்களில் பழைய வெள்ளம் விட்டுச்சென்ற குப்பை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அதைவிடப் பல அடி மேலே போக வேண்டும்.

மரநிழல் வேண்டும், ஆனால் எந்த மரம் என்பது முக்கியம். மரக்கிளை வானத்தை மறைப்பதால் தரையின் வெப்பம் குறைவாகவே வெளியேறும், பனியும் குறைவாக விழும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கண்ணுக்கு முதலில் படுவது கற்பூர மரம் என்று அங்கே வழங்கும் யூகலிப்டஸ். காற்றே இல்லாத நாளிலும் கனத்த கிளையை உதிர்க்கும் பழக்கம் இந்த இனத்தில் உண்டு. அதன் பிறப்பிடமான ஆஸ்திரேலியாவில் அதன் அடியில் கூடாரம் போட வேண்டாம் என்று முகாம்களில் எச்சரிப்பார்கள். பட்டுப்போன எந்த மரத்துக்கும் இது பொருந்தும். தனியாக நிற்கும் உயர்ந்த மரம் இடிக்கு அழைப்பு. இடி கேட்டால் கூடாரம் காப்பாற்றாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் குழந்தைகளை உட்கார வைத்து, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பதே வழி. கார் நிற்கும் இடம் கூடாரத்திலிருந்து ஓடிச் சேரும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்மலைச் சரிவுகளைத் தவிர்ப்பது நல்லது. தீ மேல்நோக்கிப் பாயும். ஏறி ஓடுபவரை அது முந்திவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டது இப்படித்தான்.

காட்டு விலங்கு விஷயத்தில் யானையை முதலில் சொல்ல வேண்டும். யானை வழித்தடத்தில் நிற்கும் கூடாரம் வழிமறிக்கும் கூடாரம். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தைக் காக்கும் தமிழக அரசின் 2010 அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே ஒரு தனியார் விடுதியின் கூடாரப் பகுதியில் யானை தாக்கி ஒரு பெண் பயணி இறந்தார். காட்டோரப் பட்டா நிலத்தில் நாலு கூடாரத்தை நட்டு, ‘டென்ட் ஸ்டே’ என்று விளம்பரம் செய்து, இரவெல்லாம் ஒலிபெருக்கியும் நெருப்புமாக நடத்துபவர்கள் இந்தச் செய்திகளைப் படிப்பதில்லையா என்று தெரியவில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றித் தங்குவது குற்றம். அனுமதி இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல் ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாம்பில் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். தரையில் தூங்குபவரை இரவில் கடிக்கும், கடிவாயில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். தைத்த தரைத்துணியும் எப்போதும் மூடிய ஜிப்புமே காவல். அதைவிடச் சிறியது புல்லில் இருக்கும் ஒருவகைப் பூச்சிப்புழு. கடித்தால் உண்ணிக்காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தீச்சுட்டது போன்ற கரும்பொருக்கு உண்டா என்று பார்த்து, புல்வெளியில் தங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தக்க மருந்து கொடுத்தால் விரைவில் குணமாகும். சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடந்துவிடும்.

மற்றவை சிறு விவரங்கள். கழிப்பறை கூடாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வழியில் கயிறு தடுக்காமல் இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்கும் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. குளிருக்காகக் கரிமூட்டித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகள் மலை ஊர்களில் கேட்பதுதான். விளையாட எல்லை எது என்பதை வந்து இறங்கியதும் மரத்தையும் பாறையையும் காட்டிக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பள்ளத்து விளிம்பு அந்த எல்லைக்கு அருகே இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

பதிவு செய்வதற்கு முன் நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் போதும்: மழைநீர் எந்தப் பக்கம் போகும், பாம்புக்கடி மருந்துள்ள மருத்துவமனை எத்தனை நிமிடம், கைபேசிச் சிக்னல் கூடாரத்தின் அருகிலேயே கிடைக்குமா. பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் முன்பணம் கட்டக் கூடாது. முதல் முறை போகும் குடும்பம், பாதி ராத்திரியில் குழந்தை அழுதாலும் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவில் இடம் பார்ப்பதே நல்லது.