அறைக்குள் ஓட்டும் சைக்கிளும் மலிவான கம்ப்யூட்டரும்

நவம்பர் பிறந்தால் டில்லியில் புகைமூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழை. இந்நகரங்களில் வாழும் நம்மவருள் சைக்கிள் ஓட்டும் பழக்கமுடையோர் சிலர், அக்காலங்களில் சைக்கிளின் பின்பாகத்தை ‘டிரெய்னர்’ எனப்படும் தாங்கியில் பூட்டி, வீட்டறையிலேயே மிதிக்கின்றனர். நேரத்தையும் வேகத்தையும் காட்டும் சிறு கம்ப்யூட்டர் ஒன்று ஹாண்டில்பாரில் இருந்தால் நன்று என அவர்கள் எண்ணுவது இயல்பே.

விலையைக் கேட்குமுன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் சென்சார் எங்கே பொருத்தப்படுகிறது? மலிவான கம்ப்யூட்டர்களிற் பெரும்பாலானவை முன்சக்கரத்துக்கென்றே அமைந்தவை. சக்கரக் கம்பியில் ஒரு சிறு காந்தமும், முன் ஃபோர்க்கில் சென்சாரும் இருக்கும். காந்தம் கடக்குந்தோறும் ஒரு சுற்று என்பது கணக்கு. தெருவில் இது செவ்வையாக வேலை செய்யும். டிரெய்னரிலோ முன்சக்கரம் அசையாது. பின்சக்கரம் மட்டுமே சுழலும். வியர்வை சொட்ட மிதித்தாலும் கருவி பூஜ்யத்தையே காட்டும். சென்சாரைப் பின்னே மாற்றிவிடலாமே எனின், வயர் எட்டாது. வயரில்லாத எளிய வகையும் ஏறத்தாழ 60, 70 சென்டிமீட்டருக்கு அப்பால் பேசுவதில்லை.

அதிக விலை கொடுத்து ஜி.பி.எஸ். கருவி வாங்கினாலும் இக்குறை தீராது. இடம் மாறுவதைக் கண்டு வேகம் சொல்லும் கருவி, இடமே மாறாதவருக்கு எதைச் சொல்லும்? அதற்கும் தனியே ஒரு சென்சார் வாங்கியாக வேண்டும்.

ஆகவே சிக்கனமான வழிகள் இரண்டே. பின்சக்கரம் வரை எட்டும் நீண்ட வயருடன் வரும் கம்ப்யூட்டரை வாங்கலாம். அல்லது பின்சக்கரத்தின் ஹப்பில் கட்டும் புளூடூத் சென்சாரை மட்டும் வாங்கி, கையிலுள்ள செல்போனையே திரையாகக் கொள்ளலாம். தக்க செல்போன் உடையோர்க்குப் பின்னதே மேல் என்பது நம் கருத்து. நாம் பயன்படுத்தும் செயலி அந்தச் சென்சாரை ஏற்குமா என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டும் டிரெய்னர்களிற் பல, வேகத்தைத் தாமே செல்போனுக்கு அனுப்பிவிடும். அவற்றை வைத்திருப்போர் காசைக் கரியாக்க வேண்டுவதில்லை.

கருவி வந்ததும் சக்கரச் சுற்றளவை அதில் பதிய வேண்டும். 700×25 டயருக்கு ஏறத்தாழ 2105 மில்லிமீட்டர். ஐயமிருப்பின் டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்துவிடலாம். நொடிக்கு 4 சுற்று எனில் மணிக்கு 30 கிலோமீட்டர் எனக் கருவி காட்டும்.

இந்த 30 கிலோமீட்டர் தெருவின் 30 ஆகாது. அறையில் எதிர்காற்றில்லை, மேடில்லை. அப்படியாயின் இவ்வெண்ணாற் பயன் யாது? நீர்ம வகை டிரெய்னரில் வேகம் ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. டயரின் காற்றழுத்தமும், உருளை டயரை அழுத்தும் இறுக்கமும் மாறாதிருந்தால், அதே வேகத்துக்கு ஏறத்தாழ அதே உழைப்புத் தேவை. சென்ற வாரம் 28-இல் 20 நிமிடம் தாக்குப்பிடித்தவர் இவ்வாரம் 29-இல் தாக்குப்பிடித்தால் வலிமை கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். விலையுயர்ந்த பவர் மீட்டர் சொல்வதில் ஒரு பகுதியை இம்மலிவுக் கருவியே சொல்லிவிடுகிறது! முதற் பத்து நிமிடக் கணக்கைமட்டும் நம்பலாகாது. டயரும் நீர்மமும் சூடேறுகையில் தடை மாறும். அண்டை வீட்டாரின் டிரெய்னர் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதும் வீண்.

பெடல் சுற்றுகளை எண்ணும் வசதிக்காகக் கூடுதல் விலை தரலாமா? இயலுமாயின் தருக, இயலாவிடில் கவலை வேண்டா. ஒரு முழங்கால் மேலெழுவதைக் கடிகாரம் பார்த்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடச் சுற்று கிடைத்துவிடும். ஆனால் திரையில் விளக்கு உண்டா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் உறங்கியபின் விளக்கணைத்த அறையில் மிதிப்போர்க்கு அது தேவைப்படும்.