மாதிரி நீதிமன்றப் போட்டி: வாதச் சுருக்கம் எழுதுவது எப்படி?

சட்ட மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் நாவன்மை மட்டுமே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. மாணவர் பேச எழுவதற்கு முன்பே நடுவர்களிடம் சென்றுசேரும் எழுத்துபூர்வ வாதத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது 3 மாதிரி வழக்குகளில் வாதிட வேண்டும் என்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய 10 மதிப்பெண்களில் எழுத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5.

சுருக்கமே அடித்தளம்

இந்தியப் போட்டிகளில் 'மெமோரியல்' எனப்படும் விரிவான ஆவணம் தாக்கல் செய்யப்படுகிறது. இங்கிலாந்தில் வழங்கும் 'ஸ்கெலிட்டன் ஆர்க்யுமென்ட்', வாதத்தின் கட்டமைப்பை மட்டும் சில பக்கங்களில் தருவது. மெமோரியலை எழுதத் தொடங்கும் முன் இத்தகைய சுருக்கத்தை அமைத்துக்கொண்டால், வாதத்தின் பலவீனங்கள் முன்கூட்டியே புலப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லூரி வளாகங்களில் முகமறியும் கேமராக்களைப் பொருத்துமாறு மாநில அரசு உத்தரவிட்டதாகக் கற்பனை வழக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். "அந்தரங்க உரிமை மிக முக்கியமானது" என்று மனுதாரர் தொடங்கினால், அது வெறும் கருத்தாகவே நிற்கும். "இவ்வுத்தரவு அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு முரணானது" என்பதே நீதிமன்றம் ஏற்கவோ மறுக்கவோ கூடிய கூற்று.

அடுத்து ஆதாரம் வர வேண்டும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டா, நோக்கம் நியாயமானதா, நோக்கத்துக்கும் நடவடிக்கைக்கும் இடையே பொருத்தமான அளவு பேணப்பட்டுள்ளதா என்ற அத்தீர்ப்பின் சோதனைகளே வாதத்தின் மூன்று உட்பிரிவுகளாகும். ஒவ்வொன்றின் கீழும் வழக்கின் விவரங்களைப் பொருத்திக் காட்ட வேண்டும்.

பாதகமான தீர்ப்புகள்

எம்.பி. சர்மா (1954), கரக் சிங் (1962) தீர்ப்புகள் அந்தரங்க உரிமையை அரசமைப்புச் சட்டம் பாதுகாக்கவில்லை என்று கூறிய அளவுக்கு, புட்டசாமி தீர்ப்பால் நிராகரிக்கப்பட்டன. இதனை அறியாமல் அவற்றை மேற்கோள் காட்டும் எதிர்மனுதாரர் தரப்பு, நடுவரின் முதல் கேள்வியிலேயே தடுமாறும். செல்லுபடியாகும் பாதகமான தீர்ப்பு இருப்பின், அதனை மறைக்காமல், தம் வழக்கு எவ்வாறு வேறுபடுகிறது என்று விளக்குவதே முறை.

கோரும் நிவாரணம் இறுதியில் தெளிவாக இடம்பெற வேண்டும். உத்தரவு முழுவதையும் ரத்து செய்யக் கோருவதா, ஒரு பகுதியை மட்டுமா என்பதை மாணவர் முன்பே தீர்மானித்திருப்பது அவசியம்.