படுக்கையருகே சில நிமிடங்களில் இரத்தப் பரிசோதனை: கையடக்கக் கருவிகள் செயல்படுவது எப்படி?

புதுதில்லி: தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் அளவு அபாயகரமாக உயர்ந்தால், இதயத் துடிப்பு எந்நேரமும் தடுமாறலாம். இரத்த மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று முடிவு வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகவே, நோயாளியின் படுக்கையருகிலேயே இரத்தத்தைப் பரிசோதிக்கும் கையடக்கக் கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன.

எவ்வாறு செயல்படுகிறது?

ஐ-ஸ்டாட் போன்ற கருவிகளில், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய சிறிய அட்டைக்குள் (கார்ட்ரிட்ஜ்) இரண்டு, மூன்று துளி இரத்தம் செலுத்தப்படுகிறது. அதிலுள்ள நுண்ணிய உணரிகள் (சென்சார்கள்) இரத்தத்தில் உள்ள பொருள்களின் அளவை மின் சமிக்ஞையாக மாற்றுகின்றன. இரத்த வாயுக்கள், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகள் சுமார் 2 நிமிடங்களில் திரையில் தோன்றும். அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்ட ஆக்சிஜன் மின்முனையும், 1962-இல் அவர் விளக்கிய குளுக்கோஸ் மின்முனையும் இத்தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்டன.

செப்சிஸ் சிகிச்சையில் பங்கு

தொற்றுக்கு உடல் கட்டுக்கடங்காமல் எதிர்வினையாற்றும் 'செப்சிஸ்' பாதிப்பால் 2017-இல் உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காதபோது இரத்தத்தில் லாக்டேட் அளவு உயரக்கூடும். லிட்டருக்கு 2 மில்லிமோலைக் கடந்தால் அது எச்சரிக்கையாகக் கருதப்படுகிறது. செப்சிஸ் ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவுடன் லாக்டேட்டை அளக்கவும், அது உயர்ந்திருந்தால் மீண்டும் அளக்கவும் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. எடுத்த இரத்தம் நீண்ட நேரம் வைக்கப்பட்டால், அதிலுள்ள அணுக்களே லாக்டேட்டை உற்பத்தி செய்து அளவைக் கூட்டிக் காட்டும். படுக்கையருகே உடனடியாகச் செய்யப்படும் பரிசோதனை இந்தப் பிழையைத் தவிர்க்கிறது.

கவனிக்க வேண்டியவை

எனினும், விரைவாகக் கிடைக்கும் முடிவு எப்போதும் துல்லியமானதாக இருக்கும் என்று கூற இயலாது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்தால், அவற்றிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் அளவை உயர்த்திக் காட்டும். ஆய்வகத்தில் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும்போது, நீர்மம் சிவந்திருப்பதைக் கண்டு இப்பிழையை அறியலாம். முழு இரத்தத்தை அப்படியே சோதிக்கும் பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் அது புலப்படாது.

கடும் இரத்தசோகை உள்ளவர்களிடம் சில குளுக்கோஸ் மீட்டர்கள் சர்க்கரையை உண்மை அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அதை நம்பி இன்சுலின் செலுத்துவது ஆபத்தில் முடியலாம். அதிர்ச்சி நிலையில் விரல் நுனிக்கு இரத்த ஓட்டம் குறைவதால், விரலில் குத்தி எடுக்கும் மாதிரியும் நம்பகமானதல்ல.

இந்தியச் சூழல்

எந்தெந்தப் பரிசோதனைகள் எந்த நிலையிலான மருத்துவமனையில் கிடைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் தேசிய அத்தியாவசியப் பரிசோதனைகள் பட்டியலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019-இல் வெளியிட்டது. பெரிய ஆய்வகம் இல்லாத மருத்துவமனைகளுக்குக் கையடக்கக் கருவிகள் பேருதவியாக அமையலாம். ஆனால், இவற்றின் அட்டைகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சேமிக்க வேண்டும். கோடை வெப்பமும் மின்தடையும் உள்ள இடங்களில் இது எளிதன்று. ஒவ்வொரு பரிசோதனைக்கும் புதிய அட்டை தேவைப்படுவதால் செலவும் கூடுகிறது.

எனவே, கருவியை வாங்குவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. முறையான சேமிப்பு, செவிலியர்களுக்குப் பயிற்சி, தொடர் தரக் கட்டுப்பாடு ஆகியவை அவசியம். நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத முடிவு வந்தால், அவசர சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல் ஆய்வகத்திலும் உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பான நடைமுறையாகும்.