இரட்டை மோட்டார் மாடல் விமானம்: எங்கே பலப்படுத்தணும்?

'ஒரு மோட்டார் நின்றால் இன்னொன்று காப்பாத்தும்' என்று நம்பித்தான் பலர் இரட்டை மோட்டார் கிட் வாங்குகிறார்கள். உண்மை வேறு. ஓடும் மோட்டார், விமானத்தை நின்ற பக்கமாகத் திருப்பும். பதறிப்போய் த்ராட்டிலை ஏற்றினால் சுழன்று விழும்.

நிஜ விமானத்திலும் இது விளையாட்டல்ல. 2009 மார்ச் 6-ல் பெங்களூரு அருகே, ஓர் எஞ்சினை வானில் நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனையில், இரட்டை எஞ்சின் 'சாரஸ்' விழுந்து விமானப்படையினர் 3 பேர் இறந்தார்கள்.

அதனால் அசெம்பிள் செய்யும்போதே கவனிங்க. மோட்டார்களின் எடையும் அதிர்வும் இறக்கையில்தான். இரண்டு மோட்டார்களையும் தாண்டி நீளும் கார்பன் குழாயை உள்ளே வைங்க. மோட்டார் தாங்கியை ஃபோமில் வெறுமனே ஒட்டாமல், பிளைவுட்டில் திருகுங்க. கனெக்டர் சோல்டரிங்கை இழுத்துப் பாருங்க.

அன்னவாசல் பொட்டலில் பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால்? த்ராட்டிலைக் குறைங்க, மூக்கைத் தாழ்த்துங்க, நேராக இறக்குங்க.