நிறம் காட்டிக் கொடுத்த இரகசியம்



இணையப் பக்கங்களில் ஆங்காங்கே நீல நிறத்தில் அடிக்கோடிட்ட சொற்களைக் கண்டிருப்பீர்கள். அவை வேறு பக்கங்களுக்கு அழைத்துச் செல்லும் இணைப்புகள். நீங்கள் முன்பே சென்று வந்த இணைப்பாயின் அது ஊதா நிறமாக மாறியிருக்கும். நம் நினைவுக்கு உதவவே இந்த ஏற்பாடு. ஆனால், இவ்வசதியே நம்மை வேவு பார்க்கும் கருவியாகவும் ஆயிற்று என்பது பலரும் அறியாத செய்தி.

அது எவ்வாறு நிகழ்ந்தது? ஓர் இணையதளம் தன் பக்கத்தில், நம் கண்ணுக்குப் புலப்படாதவாறு ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒளித்து வைக்கும். பின்னர், 'இவற்றுள் எவை ஊதா?' என்று நம் பிரவுசரையே கேட்கும். பிரவுசரும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். நாம் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்ததே போதும்!

2002ஆம் ஆண்டிலேயே இக்குறை மோசில்லாவின் கவனத்திற்குக் கொண்டு வரப்பட்டது. 2010இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகழ்பெற்ற 50,000 இணையதளங்களை ஆராய்ந்தபோது, 46 தளங்கள் இவ்வாறு பார்வையாளரின் வரலாற்றைத் துருவியதைக் கண்டறிந்தனர்.

இதனினும் கொடிது அமெரிக்காவின் எபிக் மார்க்கெட்பிளேஸ் என்னும் விளம்பர நிறுவனத்தின் செயல். 54,000க்கும் மேற்பட்ட தளங்களுள் எவற்றுக்கு ஒருவர் சென்றார் என்று அது இரகசியமாகத் துருவியது. மகப்பேறின்மை, மாதவிடாய் நிற்றல், கடன் தொல்லை, திவால் பற்றிய பக்கங்களும் அவற்றுள் அடக்கம். அதற்கேற்ப விளம்பரங்களையும் அனுப்பியது. குழந்தைப் பேறில்லாத ஏக்கத்தையும் கடன் சுமையையும் உற்றாரிடமும் சொல்லாது உள்ளத்தில் பூட்டி வைப்போர் எத்தனை பேர்! அப்பூட்டை முகமறியா வணிகர் திறக்கலாமா? 2012 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டது. துருவுதலை நிறுத்தவும், திரட்டிய தகவல்களை அழிக்கவும் அந்நிறுவனம் உடன்பட நேர்ந்தது.

மோசில்லாவின் டேவிட் பேரன் 2010இல் ஒரு தீர்வை முன்வைத்தார். இணைப்பு எந்நிறத்தில் இருந்தாலும், தளம் கேட்டால் 'சென்றதில்லை' என்றே பிரவுசர் விடை தரும். 2011இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 4 இதனைக் கொண்டிருந்தது. எனினும், பக்கத்தை வரையப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டு உண்மையை அறியும் குறுக்கு வழிகள் பின்னரும் கண்டறியப்பட்டன. ஆகவே 2025இல் குரோம் 136 மேலும் ஒரு படி சென்றது. ஒரு தளத்திலிருந்து நீங்கள் அழுத்திச் சென்ற இணைப்பு, அத்தளத்தில் மட்டுமே நிறம் மாறும். பிற தளங்கள் அதை அறிய இயலாது.

வாசகர்களே! பிரவுசரை அவ்வப்போது புதுப்பித்துக் கொள்ளுங்கள். பழைய பதிப்பில் பழைய ஓட்டை அடைபடாமலே இருக்கும். அதன் வரலாற்றையும் இடையிடையே அழித்து விடுங்கள். நோய், கடன் போன்றவை பற்றித் தேடுகையில் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது முழுத்திரை என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் நுழையும் தளமும், இணையச் சேவை தரும் நிறுவனமும் உங்கள் வருகையை அப்போதும் அறியும்.

தெருக்கதவைத் தாழிடும் நாம், கையிலுள்ள இந்தச் சிறு கதவையும் மறவாது தாழிடுவோம்.