உங்க தெரு ரோட்டுக்கு யார் காசு கொடுக்குறாங்க? நீங்கதான்! ஆனா முடிவு எடுக்கிறது யாரு?



எங்க சித்தப்பா 1998-ல வீடு கட்டும்போது வாசலுக்கு மூணு படி வச்சார். இன்னைக்கு அதே வீட்டுக்குள்ள போகணும்னா ரோட்டுல இருந்து ஒரு படி கீழ இறங்கணும். வீடு இறங்கல. ரோடு ஏறிடுச்சு! ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டு மேலயே புது ரோடு போட்டுட்டே போனாங்க. போன மழைக்கு ஹாலுக்குள்ள முழங்கால் தண்ணி. ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்க எவ்வளவு ஆகும்னு விசாரிச்சோம். அவங்க சொன்ன தொகை, சித்தப்பா அந்த வீட்டைக் கட்டின செலவை விட அதிகம்.

"ரோடு போடுறது அரசாங்கத்து வேலை, நமக்கென்ன"ன்னு இருந்தா, கடைசியில பில் நம்ம வீட்டுக்குத்தான் வரும். அதனால இன்னைக்கு தெரு ரோட்டைப் பத்தி, பணக் கணக்கோட பார்த்துடலாம்.

உங்க காசு போற 3 வழிகள்

1. சொத்து வரி. இது எல்லாருக்கும் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, நேரா உங்க மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போகுது. 2022-ல சென்னையோட பழைய பகுதிகள்ல வீடுகளுக்கு, சதுர அடியைப் பொறுத்து 50%-ல இருந்து 150% வரைக்கும் ஏத்தினாங்க. ஏப்ரல் மாசத்துக்குள்ள முதல் அரையாண்டு வரியைக் கட்டினா 5% தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதை விட்டுடாதீங்க.

2. தொழில் வரி. சம்பள ஸ்லிப்புல 'புரொஃபஷனல் டாக்ஸ்'னு ஒரு பிடித்தம் இருக்கும். நிறைய பேர் இது வருமான வரித்துறைக்குப் போகுதுன்னு நினைக்கிறாங்க. இல்லை. தமிழ்நாட்டுல இதுவும் உள்ளாட்சிக்குத்தான். வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு அரசியல் சாசனமே உச்சவரம்பு வச்சிருக்கு.

3. பத்திரப் பதிவு. இதுதான் பலருக்குத் தெரியாதது. வீடு வாங்கும்போது 7% முத்திரைத் தீர்வைன்னு கட்டுறோமே, அதுல 5%தான் உண்மையான முத்திரைத் தீர்வை. மீதி 2% சொத்து மாற்று வரி, அது உள்ளாட்சிகளுக்கானது. 50 லட்சத்துக்குப் பத்திரம் போட்டா, 1 லட்சம் ரூபாய் இந்தக் கணக்குல போயிருக்கு!

இதுக்கு மேல மாநில அரசு தர்ற நிதிப் பங்கு, சிறப்புத் திட்டங்கள் எல்லாம் சேரும். அதுவும் சுத்திச் சுத்தி நம்ம வரிதான்.

சரி, எந்தத் தெருவுக்கு ரோடுன்னு யார் முடிவு பண்றாங்க?

சென்னையை எடுத்துக்குவோம். 200 வார்டு, அதுக்கு மேல மண்டலங்கள். பஸ் போற பெரிய ரோடுகளுக்குன்னு தனித் துறை. உங்க வீட்டு முன்னாடி இருக்கிற உட்புறச் சாலை மண்டல அலுவலகத்தோட பொறுப்பு. அங்க இருக்கிற உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், மேல அனுமதி வாங்குவாங்க, டெண்டர் விடுவாங்க.

ஆனா எஸ்டிமேட் பட்டியல்ல உங்க தெரு பேர் ஏறணுமே, அதுக்கு யாராவது கேட்டாகணும். எங்க கேக்கலாம்?

* கவுன்சிலர்: ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. சென்னையில 2025-26 பட்ஜெட்ல இதை 50 லட்சத்துல இருந்து 60 லட்சமா உயர்த்தினாங்க. ஒரு வார்டுல இருக்கிற அத்தனை தெருவுக்கும் பங்கு போட்டா, இது சின்னத் தொகைதான். முதல்ல கேக்குறவங்களுக்கு, விடாம கேக்குறவங்களுக்குத்தான் போகும்.
* எம்.எல்.ஏ., எம்.பி. நிதி: எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி. தொகுதி பெருசு, கேக்குறவங்களும் நிறைய.
* பகுதி சபை: கிராம சபை மாதிரியே நகரத்துக்கும் ஒண்ணு. 2022-ல இதுக்கான விதிகள் வந்தது. உங்க கவுன்சிலர்தான் தலைவர். அங்க நீங்க சொல்றது பதிவாகும். வாட்ஸ்அப் குரூப்புல புலம்புறது எங்கயும் பதிவாகாது!

நாமளே காசு போட்டா?

இதுக்கு ஒரு திட்டம் இருக்கு: 'நமக்கு நாமே'. 1990-கள் கடைசியில முதல்ல வந்தது, 2021-ல மறுபடி கொண்டு வந்தாங்க. பொதுமக்கள் பொதுவா மூணுல ஒரு பங்கு போட்டா, மீதியை அரசு போடும்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். உங்க தெருவுல 30 வீடு, எஸ்டிமேட் 9 லட்சம்னு வச்சுக்குங்க. மக்கள் பங்கு 3 லட்சம். வீட்டுக்கு 10,000 ரூபாய்.

"ஏற்கனவே மூணு வழியில கட்டிட்டேன், நாலாவதா வேறயா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. என் கருத்து இதுதான்: வழக்கமான தார் ரோடு, உங்க தெருவுக்கு எப்படியும் முறை வரப் போகுதுன்னா, காசு போடாதீங்க, கேட்டு வாங்குங்க. புது லே-அவுட், இன்னும் மண் ரோடு, முறை எப்போ வரும்னே தெரியலைன்னா, 10,000 ரூபாய் மோசமில்லை.

சிக்கல் என்னன்னா, 30 வீட்டுல 22 வீடுதான் தரும். அப்போ தர்றவங்களுக்கு ஆளுக்கு 13,600-க்கு மேல வந்துடும். அதனால எல்லார்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கின பிறகு முதல் ரூபாயை வெளிய எடுங்க. வாடகைக்கு இருக்கிறவங்ககிட்ட கேக்காதீங்க. மதிப்பு ஏறப் போறது ஓனர் சொத்துக்கு.

ரோடு வருதுன்னதும் சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி

2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஒரு தெளிவான உத்தரவு போட்டார்: பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு, அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும். இது உங்க கையில இருக்கிற ஆயுதம்.

1. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வாசற்படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வச்சு அளந்து, தேதியோட போட்டோ எடுங்க.
2. எஸ்டிமேட்ல 'மில்லிங்' இருக்கான்னு உதவிப் பொறியாளர்கிட்ட கேளுங்க. சொல்லலைன்னா 10 ரூபாய்ல ஆர்.டி.ஐ. போடுங்க. 30 நாள்ல பதில் தந்தாகணும்.
3. சுரண்டாம ஜல்லி கொட்ட ஆரம்பிச்சா, அன்னைக்கே புகார் பண்ணுங்க. சென்னையில 1913. ரோடு போட்ட பிறகு புகார் பண்ணி ஒரு அங்குலம்கூட இறங்காது.
4. வீடு வாங்கப் போறவங்க, பத்திரத்தைப் பார்க்கிற மாதிரி ரோட்டு மட்டத்தையும் பாருங்க. பக்கத்து வீட்டுப் பழைய படி எத்தனை மண்ணுக்குள்ள போயிருக்குன்னு எண்ணினாலே கதை புரிஞ்சிடும்.

சித்தப்பா தெருவுல மூணு தடவை ரோடு போட்டாங்க. மூணு தடவையும் அவர் வேலை ஆட்களுக்கு மோர் கொடுத்து உபசரிச்சார். ஒரு தடவைகூட எஸ்டிமேட்டைக் கேக்கல. நீங்க மோரும் கொடுங்க, எஸ்டிமேட்டையும் கேளுங்க!