அகலக் கால் வைக்கலாம்

ஷூ கடைகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. “எட்டு போட்டா சைடுல பிடிக்குதுப்பா.” “அப்ப ஒன்பது போட்டுப் பாருங்க சார். இல்லைன்னா இதையே ரெண்டு நாள் போடுங்க, தானா லூஸ் ஆயிடும்.” ஒன்பதைப் போட்டால் பக்கவாட்டு இறுக்கம் கொஞ்சம் தணியும், ஆனால் குதிகால் கழன்று கழன்று வரும். எட்டையே வாங்கிப் போனால் சுண்டுவிரல் கொப்புளித்துவிடும். டாக்டர் சொன்னாரே என்று தொடங்கிய நடைப்பயிற்சி இரண்டு வாரத்தில் நின்றுபோகும். “நம்ம காலுக்கு ஷூ சேராது” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அகலமான பாதம், துருத்திய பெருவிரல் மூட்டு, தட்டைப் பாதம், கால் ஆணி என்று ஏதோ ஒன்று இருப்பவர்கள் எல்லோரும் இப்படித் தங்கள் காலையே குற்றவாளி ஆக்குகிறார்கள். அறிவியல் சொல்வது வேறு. பெரும்பாலும் கோளாறு காலில் இல்லை. அளக்கும் முறையிலும், ஷூ செய்யும் அச்சிலும்தான் இருக்கிறது.

ஓர் எண் போதுமா?

நம் கடைகளில் பெரிதும் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. பாதம் எவ்வளவு அகலம், புறங்கால் எவ்வளவு உயரம், விரல்கள் எப்படி விரிகின்றன என்பதெல்லாம் அதில் இல்லை. 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் கொண்ட ஓர் உறுப்பை ஒற்றை எண்ணில் அடக்கப் பார்க்கிறோம்.

இந்தப் போதாமை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஷூ கடை வைத்திருந்தவரின் மகன் சார்லஸ் பிரானக், 1920களில் ஓர் உலோக அளவுத்தட்டை உருவாக்கினார். அதில் காலை வைத்தால் மூன்று அளவுகள் கிடைக்கும். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒன்று. குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை இன்னொன்று. குறுக்கே அகலம் மூன்றாவது.

இவற்றில் நடு அளவுதான் முக்கியமானது. நடக்கும்போது பாதம் மடங்குவது விரல்களின் அடிமூட்டில். ஷூவும் அதே இடத்தில் மடங்க வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு பேரின் கால்களில்கூட இந்த மூட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். ஒருவருக்கு விரல்கள் நீளம், மற்றவருக்கு உள்வளைவு நீளம். அகலத்துக்காக ஓர் எண் பெரிதாக வாங்கும்போது ஷூ மடங்கும் இடம் மூட்டைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. உள்வளைவைத் தாங்க வேண்டிய மேடும் இடம் மாறுகிறது. குதிகால் கழல்வதும் கொப்புளம் வருவதும் இதனால்தான்.

நீளம் மாறாமல் அகலம் மட்டும் கூடிய ஷூக்கள் இருக்கின்றன. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு ‘டி’ என்பது சாதாரண அகலம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ மிக அகலம். பெண்களுக்கு ‘பி’ சாதாரணம், ‘டி’ அகலம். பெட்டியின் மேல் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அகலக் காலுக்குத் தேவை பெரிய எண் அல்ல, சரியான எழுத்து.

நம் காலின் அளவு

ஷூ உருவாவது ‘லாஸ்ட்’ எனப்படும் கால் அச்சின் மேல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் ஐரோப்பியச் சந்தைக்கு ஷூ தைக்கிறார்கள். அந்த அச்சுகள் ஐரோப்பியப் பாதத்துக்கானவை. நம் பாதத்துக்கென்று ஓர் அளவுமுறை நெடுங்காலம் இல்லாமலே இருந்தது.

அந்தக் குறையைப் போக்கச் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் முன்வந்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலம் என்பது தெரியவந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற புதிய அளவுமுறையை, ஒன்று முதல் எட்டு வரையான எண்களில், பரிந்துரைத்திருக்கிறார்கள்.

பாதம் அகன்றிருப்பது கெடுதலும் அல்ல. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெறுங்காலோடு வாழும் இந்தியர்களையும், காலணி அணியும் இந்தியர்களையும், மேற்கத்தியர்களையும் ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெறுங்காலில் நடப்பவர்களின் பாதம் அகன்றிருந்தது. உடல் எடையின் அழுத்தமும் பாதம் முழுக்க ஓரளவு சீராகப் பரவியிருந்தது. தென்னிந்தியக் குழந்தைகள் 2,300 பேரிடம் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது; வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரல் மூடிய ஷூ அணிந்த குழந்தைகளிடம் அது அதிகம் காணப்பட்டது. கண்ணாடியும் முள்ளும் கிடக்கும் தெருவில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விரல்கள் விரிய இடம் கொடுக்கும் காலணி வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

இறுக்கமான ஷூ காலை என்ன செய்யும் என்பதை ஆழமாக ஆராய்ந்தவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று தேடினார். நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி போய்விடுவதால், பட்ட காயமே தெரியாமல் நடந்து நடந்து கால் அழிகிறது என்று கண்டார்.

காயம் மூன்று வழிகளில் வருகிறது. ஆணி குத்துவதுபோல் ஒரே அடியில் வருவது முதல் வழி. ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான தடவை விழுந்து, அங்கே வீங்கிப் புண்ணாவது இரண்டாவது. மூன்றாவதுதான் இறுக்கமான ஷூவின் வேலை. பக்கவாட்டில் அது தரும் அழுத்தம் குறைவுதான். ஆனால் மணிக்கணக்கில் விடாமல் அழுத்தும்போது அந்த இடத்துக்கு ரத்தம் போவது நின்று தசை சாகத் தொடங்குகிறது. உணர்ச்சியுள்ள கால் அதற்கு முன்பே வலித்துவிடும். நாம் ஷூவைக் கழற்றிவிடுவோம். உணர்ச்சியற்ற காலுக்கு அந்தக் காவல் இல்லை.

இன்று இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது நீரிழிவு உள்ளவர்களுக்கு. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் அவர்கள் 10 கோடிக்கும் மேல். நரம்பு பாதித்த காலில் ஷூ இறுக்கமாக இருந்தாலும் ‘சரியாக இருக்கிறது’ என்றே தோன்றும். அதனால் அவர்கள் தொடுவுணர்வை நம்பக் கூடாது; அளவையும் கண்ணையும்தான் நம்ப வேண்டும். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார். 10 கிராம் விசையில் வளையும் அந்த இழை படுவது தெரியவில்லை என்றால், சாதாரணக் கடை ஷூவை விட்டுவிட்டு மருத்துவ ஆலோசனையோடு காலணி வாங்குவதே பாதுகாப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் சொல்லும் நுண்காற்றறை ரப்பர் செருப்பைத் தொழுநோயாளிகளுக்காகச் சோதித்துப் பரவச் செய்ததில் பிராண்டுக்கும் அவருடைய குழுவினருக்கும் பெரும் பங்கு உண்டு. எடையைப் பரந்த பரப்பில் பகிர்ந்து, ஒரே புள்ளியில் அழுத்தம் குவியாமல் பார்த்துக்கொள்கிறது அந்த ரப்பர்.

வாங்கும்போது

மாலையில் போங்கள், நாள் முழுக்க நடமாடிய கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு அளக்க வேண்டும். எடை இறங்கும்போதுதான் பாதம் அதன் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் விரிகிறது. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்றதை வாங்குங்கள்.

கடையில் அளவுத்தட்டு இல்லையா? வீட்டிலேயே ஒரு வெள்ளைத்தாளில் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரைந்து எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி அந்தப் படத்தின் மேல் வையுங்கள். கோடு இன்சோலைத் தாண்டி வெளியே தெரிந்தால், அந்த இடத்தில்தான் ஷூ உங்களைக் கடிக்கப்போகிறது. தோல் ஷூ கொஞ்சம் இளகும். ஆனால் அடிப்பாகம் ஒருநாளும் அகலாது.

நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அதைக் கணக்கில் எடுங்கள். மலையேற்ற பூட்ஸ் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இறங்கும்போது கால் முன்னே சறுக்கும். இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். பெருவிரல் மூட்டு துருத்தியவர்கள், அந்த மேட்டுக்கு நேரான ஓட்டையில் லேஸைக் கோக்காமல் விட்டால் இறுக்கம் குறையும். தையலோ தடித்த பட்டையோ அந்த மூட்டின் மேல் வராத ஷூவாகப் பாருங்கள்.

புது ஷூவை முதல் நாளே நீண்ட நடைக்குப் போடாதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு நடந்து, கழற்றி, பாதத்தைச் சுற்றிலும் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் ஷூவை மாற்றுங்கள். காலை மாற்ற முடியாது.

ஊருக்கெல்லாம் ஷூ தைக்கும் மாநிலம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கும் மாநிலமும் கூட. இங்கே ஒவ்வொரு ஷூ கடையிலும் ஓர் அளவுத்தட்டு இருப்பதும், பிள்ளைகளின் காலை நீளத்தோடு அகலமும் சேர்த்து அளப்பதும் பெரிய செலவு இல்லை. வாங்குபவர்கள் அகலம் என்ன என்று கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் வைக்கத் தொடங்குவார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எண்ணைச் சொல்வதற்கு முன், “என் காலை அளந்து பாருங்க” என்று கேளுங்கள்.